பள்ளி நேரத்தை நீட்டித்தால் என்ன ஆகும்? சிலி நாட்டின் முழுநாள் பள்ளித் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளி நேரத்தை நீட்டிக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பினரும் பெரும்பாலும் ஊகத்தை வைத்தே வாதிடுகிறார்கள். கூடுதல் நேரம் கிடைத்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்கள் என்பது ஒரு தரப்பின் நம்பிக்கை. சோர்ந்துபோவார்கள் என்பது மறுதரப்பின் அச்சம். உண்மையில் இதை ஒரு நாடு சட்டம் இயற்றியே செய்து பார்த்திருக்கிறது. தென்னமெரிக்காவின் சிலி, அரசு நிதி பெறும் பள்ளிகளில் வாரப் பாடவேளைகளை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் உயர்த்தியது. அதனால் என்ன விளைந்தது என்பது கால் நூற்றாண்டுக்கும் மேலாக அளக்கப்பட்டு வருகிறது. எனவே இக்கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய நாடு சிலிதான் என்று கருதுகிறேன்.

திட்டம் பிறந்த சூழல்

1990-இல் ராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பியபோது, சிலியின் நகரப் பள்ளிகள் பலவும் இரண்டு ஷிப்டுகளில் இயங்கிக்கொண்டிருந்தன. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு தொகுதி மாணவர்களும் பிற்பகலில் வேறொரு தொகுதி மாணவர்களும் படித்தார்கள். ஒரு பிள்ளைக்கு வாரத்துக்குக் கிடைத்தவை, தொடக்க வகுப்புகளில், 45 நிமிடம் கொண்ட 30 பாடவேளைகள். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சிய அரை நாளில் தனிப்பயிற்சியோ, புத்தகங்கள் நிறைந்த வீடோ, உடனிருந்து கவனிக்கும் பெரியவரோ வாய்த்தார்கள். பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போன வீடுகளில் அந்த அரை நாள் தெருவில் கழிந்தது. இந்த இடைவெளியைப் பள்ளியே நிரப்ப வேண்டும் என்ற எண்ணமே திட்டத்தின் அடிப்படை.

அதிபர் எதுவார்தோ ஃப்ரெய் 1996 மே மாதம் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் இதை அறிவித்தார். 1997 நவம்பரில் 19532 எண் கொண்ட சட்டம் வந்தது. ஸ்பானிய மொழியில் 'ஹோர்னாதா எஸ்கோலார் கொம்ப்லேத்தா' என்று அழைக்கப்படும் இத்திட்டத்தின்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்குக் குறைந்தது 38 பாடவேளைகளும், உயர்நிலை வகுப்புகளில் குறைந்தது 42 பாடவேளைகளும் நடந்தாக வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளுக்கு இது கட்டாயமாக்கப்படவில்லை.

இரண்டு ஷிப்டுகளை ஒன்றாக்கினால் வகுப்பறைகளும் ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படும். ஆகவே பெரும் பணம் கட்டடங்களுக்கே போனது. 2002-க்குள் முடிந்துவிடும் என்று குறித்த கெடு தவறியது. 2004-இல் வந்த மற்றொரு சட்டம் அதை 2007 வரைக்கும், சில வகைப் பள்ளிகளுக்கு 2010 வரைக்கும் தள்ளிவைத்தது. ஏற்கெனவே ஒரே ஷிப்டில் நடந்து, இடம் மிஞ்சியிருந்த கிராமப்புறப் பள்ளிகள் முதலில் மாறின. நெரிசல் மிகுந்த நகரப் பள்ளிகள் கடைசியில் மாறின. ஒரே காலத்தில் சில பள்ளிகள் நீண்ட நாளிலும் சில பள்ளிகள் பழைய நாளிலும் இயங்கியதால் இரண்டையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு வழி பிறந்தது. தாமதத்தால் விளைந்த ஒரே நன்மை இதுவாக இருக்கலாம்.

கால அட்டவணைக்குள் நுழைந்து பார்த்தால்

38 பாடவேளைகளைப் பல பள்ளிகள் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு எட்டு, வெள்ளிக்கிழமை ஆறு என்று பிரித்துக்கொண்டன. எட்டுப் பாடவேளை என்றால் பாடத்துக்கு மட்டுமே ஆறு மணி நேரம். இடைவேளைகளையும் மதிய உணவு நேரத்தையும் சேர்த்தால், காலை எட்டு மணிக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளை பிற்பகல் மூன்றரை மணியளவில்தான் வெளியே வர முடியும். உயர்நிலை வகுப்பில் நான்கு நாட்களுக்கு ஒன்பது பாடவேளை வீதம் வைக்க வேண்டியிருந்ததால் மணி நான்கைத் தாண்டியது.

தொடக்க வகுப்புகளில் 30 பாடவேளை 38 ஆனது வாரக் கணக்கில் 27 சதவீத உயர்வு. ஆண்டுக் கணக்கு வேறு. சிலியின் பள்ளி நாட்காட்டியில் முழுநாள் பள்ளிகளுக்கு 38 வாரங்களும் மற்றவற்றுக்கு 40 வாரங்களும் வகுக்கப்பட்டிருக்கின்றன. வாரம் 28½ மணி வீதம் 38 வாரங்களுக்கு 1083 மணி. வாரம் 22½ மணி வீதம் 40 வாரங்களுக்கு 900 மணி. ஆக, பிள்ளைக்கு ஓராண்டில் கூடுதலாகக் கிடைப்பது 183 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 20 சதவீதம். பள்ளி நேர நீட்டிப்பைப் பற்றிய விவாதங்களில் நாளின் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு ஆண்டின் நீளத்தை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் பெருக்கிப் பார்த்த பிறகே எவ்வளவு கூடியது என்று சொல்ல முடியும்.

கூடிய நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பள்ளிகளே முடிவு செய்ய விடப்பட்டன. ஒவ்வொரு பள்ளியும் தன் கற்பித்தல் திட்டத்தை எழுதிக் கொடுத்து, கல்வி அமைச்சகத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே முழுநாளுக்கு மாறலாம் என்பது விதி. கலை, விளையாட்டு, அறிவியல் செய்முறை, சூழல் கல்வி எனப் பல பயிலரங்குகள் காகிதத்தில் இடம்பெற்றன. நடைமுறையில் கணிசமான பள்ளிகள் கூடுதல் வேளைகளை மொழிக்கும் கணக்குக்குமே ஒதுக்கின. தேசிய அளவில் நடக்கும் சிம்சே தேர்வின் முடிவுகள் பள்ளிவாரியாக வெளியிடப்படுவதால் தலைமையாசிரியர்களுக்கு அந்த நெருக்கடி இருந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காலையில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளை, பிற்பகலிலும் அதே அறையில், அதே இருக்கையில், அதே முறையில் எழுதிக்கொண்டிருந்தது என்பதை மறைக்க முடியாது.

படிப்பில் கிடைத்த பலன்

சிலிப் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர் கிறிஸ்தியான் பெயேய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட நாளுக்கு மாறிய உயர்நிலைப் பள்ளிகளையும் மாறாதவற்றையும் ஒப்பிட்டது. மொழிப்பாடத்தில் 0.05 முதல் 0.07 திட்டவிலக்கம் வரை முன்னேற்றம் தெரிந்தது. கணக்கில் அது பூஜ்யத்துக்கும் 0.12-க்கும் இடையில் இருந்தது. இந்த எண்களை எளிதாக்கிச் சொன்னால் இப்படி: நூறு மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவரை எடுத்துக்கொண்டால், நீண்ட பள்ளி நாளால் அவர் மொழியில் இரண்டு மூன்று பேரைத் தாண்டுவார். கணக்கில் மிகச் சாதகமான மதிப்பீட்டின்படி ஐந்து பேரைத் தாண்டுவார். சாதகமற்ற மதிப்பீட்டின்படி இருந்த இடத்திலேயே இருப்பார்.

ஒரு நாட்டின் பள்ளிக் கட்டடங்களை ஏறத்தாழ மறுபடியும் கட்டி எழுப்பியதற்கு இது சிறிய விளைச்சல். ஆனாலும் அந்தச் சராசரிக்கு உள்ளே ஒளிந்திருப்பதையும் பார்க்க வேண்டும். கிராமப்புற மாணவர்களுக்கும் நகராட்சிகள் நடத்திய அரசுப் பள்ளிகளின் மாணவர்களுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. வீட்டில் கற்க வாய்ப்புக் குறைந்தவர்களுக்குப் பள்ளி தந்த கூடுதல் மணி உண்மையிலேயே கூடுதலாக அமைந்தது என்பதே இதன் பொருள். கவலைக்குரிய கண்டுபிடிப்பும் அதே ஆய்வில் உண்டு: மதிப்பெண் வரிசையில் மேலே இருந்தவர்களே அந்த நேரத்தால் அதிகம் பயன்பெற்றார்கள். பின்தங்கியிருந்த பிள்ளைக்கு, புரியாத பாடத்தை இன்னும் ஒரு மணி நேரம் கேட்பதால் புரிதல் வந்துவிடவில்லை. ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் பிறந்த திட்டத்துக்கு இது ஒரு கசப்பான முடிவு.

சர்வதேச அளவில் நடக்கும் பிசா தேர்வில், வாசிப்பில் சிலி பெற்ற மதிப்பெண் முதல் சுற்றில் 410 ஆக இருந்து 2009-இல் 449 ஆக உயர்ந்தது. இந்த ஏற்றத்தை முழுநாள் திட்டத்தின் கணக்கில் எழுதுவோர் உண்டு. அதே ஆண்டுகளில் பாடத்திட்டம் மாறியது. 2008 முதல் ஏழை மாணவர்களுக்கான சிறப்பு நிதியும் வரத் தொடங்கியது. குடும்பங்களின் வருமானமும் உயர்ந்தது. எதனால் எவ்வளவு என்று இந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. பள்ளிகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளையே நம்புவது முறை.

படிப்புக்கு வெளியே கிடைத்த பலன்

தேர்வுத்தாளை விட்டு விலகிப் பார்க்கும்போது சித்திரம் பெரிதும் மாறுகிறது. பொருளியலாளர்கள் மத்தியாஸ் பெர்தெலோன், டயானா க்ரூகர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, முழுநாள் உயர்நிலைப் பள்ளிகள் பெருகிய நகராட்சிகளில் பதின்ம வயதுத் தாய்மையும் இளையோர் குற்றங்களும் குறைந்ததைக் காட்டியது. தாய்மை குறைந்தது பெரிதும் ஏழைக் குடும்பத்துப் பெண்களிடையே. பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டிலோ தெருவிலோ பெரியவர் எவரும் உடனில்லாமல் இருந்திருக்கக்கூடிய பெண், அந்நேரத்தில் வகுப்பறையில் இருந்தாள். நேரடியான காரணம் இவ்வளவுதான். அதன் விளைவோ ஒரு வாழ்நாள் முழுவதும் நீள்கிறது.

தாய்மாரின் நிலையும் மாறியது. பள்ளி அரை நாளில் முடிந்தால் பிள்ளையை அழைத்து வரவும் சோறு போடவும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயே. முழுநாள் பள்ளிகள் பரவிய இடங்களில் தாய்மார் வேலைக்குப் போவதும், போன வேலையில் நிலைத்திருப்பதும் கூடியதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பின்னாளில், அந்த மாணவர்கள் வளர்ந்து ஆளான பிறகு நடந்த ஆய்வுகளில், நீண்ட பள்ளி நாளில் படித்தவர்கள் கூடுதல் ஆண்டுகள் கல்வியைத் தொடர்ந்ததும், பெண்கள் முதல் குழந்தையைத் தள்ளிப்போட்டதும், வருவாய் உயர்ந்ததும் தெரியவந்தன. சிம்சே தேர்வில் இரண்டு மூன்று இடம் முன்னேறியதை மட்டும் வைத்து இத்திட்டத்தைத் தோல்வி என்று தீர்ப்பெழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பள்ளி என்பது கற்பிக்கும் இடம் மட்டுமன்று, பிள்ளைகளுக்கான காப்பிடமும் ஆகும். இந்த இரண்டாவது பணியைக் கல்வித்துறையினர் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறார்கள். பள்ளியைப் பிள்ளை பராமரிப்பு நிலையமாகக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சிலியின் சான்று, பெரும்பயன் அந்தப் பக்கத்திலேயே விளைந்திருப்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

மாணவர்கள் சொன்னது

2006 ஏப்ரல் முதல் ஜூன் வரை சிலியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நாடெங்கும் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள், பள்ளிகளைக் கைப்பற்றி உள்ளேயே தங்கினார்கள். கருநீலமும் வெள்ளையுமான சீருடையை வைத்து அவர்களைப் பெங்குவின்கள் என்று நாடு அழைத்தது. இலவசப் பேருந்துப் பயணம், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கட்டணத்தை நீக்குதல், ராணுவ ஆட்சியின் கடைசி நாட்களில் இயற்றப்பட்ட கல்விச் சட்டத்தை விலக்குதல் ஆகியவற்றோடு, முழுநாள் பள்ளித் திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும் அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. பள்ளி நேர நீட்டிப்பு தம் நன்மைக்காகவே என்று சொல்லப்பட்டவர்கள், அதற்குள் பல ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, தெருவில் இறங்கி அதை எதிர்த்துக் கேட்டார்கள் என்பதை இந்த ஆய்வின் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன்.

அவர்களின் குறை நேரத்தின் நீளத்தைப் பற்றி மட்டும் எழவில்லை. கூடுதல் மணி நேரம் பழைய பாடத்தின் நீட்சியாகவே இருக்கிறது. பயிலரங்குகள் பெயரளவில் நடக்கின்றன. உணவுக் கூடம் போதவில்லை. மழை ஒழுகும் கட்டடத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இவைதான் அவர்கள் சொன்னவை. உணவைப் பொறுத்தவரை இக்குறையில் முழு நியாயம் இருந்தது. 1964 முதல் இயங்கும் ஹூனாயெப் என்ற அரசு அமைப்பு பள்ளி உணவை வழங்கினாலும், வறுமை அளவுகோலின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்கே அது கிடைத்தது. அரை நாள் பள்ளியில் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும். நான்கு மணிவரை பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியபின், அந்தப் பிள்ளையின் மதிய உணவும் அரசின் பொறுப்பாகிவிடுகிறது. ஜூன் 1 அன்று அதிபர் மிச்செல் பசெலெட் அறிவித்த சலுகைகளில் கூடுதல் உணவு ஒதுக்கீடும் பள்ளிக் கட்டடச் சீரமைப்பும் இடம்பெற்றன. பின்னர் 81 பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டு, மாணவர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. 2009-இல் பழைய கல்விச் சட்டம் மாற்றப்பட்டது.

ஆசிரியரின் வாரம்

திட்டத்தின் மிகப் பெரிய குறை ஆசிரியரின் நேரத்தைக் கணக்கில் எடுக்காததே. முழுநேர ஆசிரியரின் ஒப்பந்தம் வாரத்துக்கு 44 மணி நேரம். முழுநாள் பள்ளியில் அதில் 32 மணி 15 நிமிடம் வரை வகுப்பறையில் நிற்கச் சொல்லலாம் என்று சட்டம் அனுமதித்தது. அதாவது 43 பாடவேளைகள். ஒரு வகுப்புக்கு வாரம் நான்கு பாடவேளை எடுக்கும் பாட ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பத்து வகுப்புகள் வந்துவிடும். வகுப்புக்கு 45 மாணவர் வரை விதி அனுமதிக்கிறது. 40 என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 400 மாணவர்கள். ஒருமுறை தேர்வு வைத்து, ஒரு விடைத்தாளைத் திருத்த மூன்றே நிமிடம் செலவிட்டாலும் 20 மணி நேரம் ஆகும். வகுப்பு போக எஞ்சியிருப்பதோ 11 மணி 45 நிமிடம். அதற்குள்தான் இடைவேளைக் கண்காணிப்பு, பெற்றோர் சந்திப்பு, ஆசிரியர் கூட்டம், பாடக்குறிப்பு எழுதுவது எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த ஆசிரியர் பிற்பகல் பயிலரங்குக்கு எப்போது ஆயத்தமாவார்? ஆகமாட்டார். காலையில் நடத்தியதையே மறுபடி நடத்துவார், அல்லது பயிற்சிக் கணக்குகளைக் கொடுத்துவிட்டு விடைத்தாள்களைத் திருத்துவார். மாணவர்கள் 2006-இல் எதிர்த்த 'பழைய பாடத்தின் நீட்சி' என்பதற்கு வேர் ஆசிரியரின் அலட்சியத்தில் இல்லை; இந்தக் கூட்டல் கழித்தலில் இருக்கிறது. 2016-இல் வந்த ஆசிரியர் தொழில்சார் சட்டம் வகுப்பறை நேரத்தின் உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 2019 முதல் ஒப்பந்த நேரத்தில் 65 சதவீதமாக, அதாவது 28 மணி 30 நிமிடமாக நிர்ணயித்தது. பாடவேளைக் கணக்கில் 43 என்பது 38 ஆனது. மாணவரின் நாளை நீட்டித்த சட்டத்துக்கும் ஆசிரியருக்கு மூச்சுவிட நேரம் தந்த சட்டத்துக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. இரண்டும் ஒன்றாக வந்திருந்தால் அந்த 0.05 எவ்வளவாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் இந்த வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் எழும்.

பிற நாடுகளோடு ஒப்பிட்டால்

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில், தொடக்கப் பள்ளியில் கட்டாயக் கற்பித்தல் நேரம் மிகுந்தவற்றுள் சிலியும் ஒன்று. ஆண்டுக்கு 1000 மணியைத் தாண்டுகிறது. ஃபின்லாந்தில் அது சிலியின் அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். பிசா தேர்வுகளில் ஃபின்லாந்து நெடுங்காலம் மேலே இருந்தது. இதைக் காட்டி, குறைந்த நேரமே போதும் என்று முடிவுகட்டுவதும் தவறு. அங்கே ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும், மாணவர் அனைவருக்கும் பள்ளியில் இலவச உணவு உண்டு, பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக்கவனம் உடனே கிடைக்கிறது. இவை இல்லாத இடத்தில் நேரத்தை மட்டும் ஃபின்லாந்து அளவுக்குக் குறைத்தால் ஏழைப் பிள்ளையே இழப்பாள்.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. நண்பகலோடு பள்ளி முடிவதே அங்கே நெடுநாள் வழக்கம். 2001 இறுதியில் வெளியான முதல் பிசா முடிவுகள் அந்நாட்டைத் தலைகுனிய வைத்தபின், 2003-இல் மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கி முழுநாள் பள்ளிகளைப் பெருக்கத் தொடங்கியது. பல பள்ளிகளில் பிற்பகல் பங்கேற்பு விருப்பத்துக்கு விடப்பட்டது. கூடுதல் நேரம் தானாகவே மதிப்பெண்ணை உயர்த்துவதில்லை என்றும், நல்ல தரத்தில் நடத்தப்படும் பிற்பகல் நிகழ்ச்சிகளில் தொடர்ந்து பங்கேற்கும் பிள்ளைகளின் பழகும் முறையும் பள்ளிமீதான ஈடுபாடும் மேம்படுகின்றன என்றும் அங்கு நடந்த நெடுங்கால ஆய்வு காட்டியது. 2021-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக, 2026-27 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு எட்டு மணி நேரப் பராமரிப்பை ஜெர்மனி உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. கல்விப் பயனும் பராமரிப்புப் பயனும் வெவ்வேறு என்று ஏற்றுக்கொண்டு, இரண்டாவதை அதன் பெயராலேயே சட்டமாக்கிய நேர்மை இதில் தெரிகிறது.

என் முடிவு

ஷிப்டு முறையில் அரை நாளே நடக்கும் பள்ளிகளில், அதிலும் வீட்டில் துணையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், நாளை நீட்டிக்கத்தான் வேண்டும். சிலி எடுத்த முடிவு சரியானது. செய்த வரிசைதான் பிழை. முதலில் ஆசிரியரின் வகுப்பறை நேரத்துக்கு உச்சவரம்பும், கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆட்களும். அடுத்து, தங்கும் பிள்ளைகள் அனைவருக்கும் உணவு. அதற்குப் பிறகே மணியடிக்கும் நேரத்தை மாற்றுவது என்று வரிசை அமைந்திருக்க வேண்டும். பிற்பகல் வேளைகளில் ஒரு பகுதியை, மதிப்பெண் வரிசையில் பின்தங்கியவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்திக் கற்பிக்க ஒதுக்கியிருந்தால், மேலே இருந்தவர்களே கூடுதலாகப் பயன்பெற்ற அந்த நிலை தணிந்திருக்கும். ஏற்கெனவே முழு நாளும் நடக்கும் பள்ளிகளில் மேலும் ஒரு மணி நேரத்தைக் கூட்டுவதற்குச் சிலியின் சான்று எந்த ஆதரவும் தரவில்லை. பதின்ம வயதினரின் நாளை நீட்டிக்க நேர்ந்தால் அதைக் காலையில் முன்னே இழுக்கவும் கூடாது. உயர்நிலைப் பள்ளிகள் எட்டரை மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பரிந்துரைத்ததற்கு அவ்வயதின் உறக்கத் தேவையே காரணம்.

நிதியின் நிலைத்தன்மையையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். மெக்சிகோ 2007-இல் தொடங்கிய முழுநேரப் பள்ளித் திட்டம், நாளுக்கு நான்கு அல்லது நான்கரை மணி நேரமாக இருந்ததை ஆறு முதல் எட்டு மணி வரை உயர்த்தி, 25,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது. வறுமை மிகுந்த இடங்களில் உணவும் கொடுத்தது. 2022-இல் அரசு அதைக் கைவிட்டது. பெற்றோர் தம் வேலை நேரத்தையும், வீட்டில் யார் எப்போது இருப்பது என்பதையும் அந்த நீண்ட நாளை நம்பியே வகுத்துக்கொண்டிருந்தார்கள். சில மாநில அரசுகள் தம் சொந்தப் பணத்தில் அதைத் தொடர முன்வந்தன. மற்ற இடங்களில் பிள்ளைகள் முன்போலவே நண்பகலில், மதிய உணவு இல்லாமல், வீடு திரும்ப வேண்டியதாயிற்று.